நெஞ்சுக்குளி

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாரீஸ்வரி அந்தத் தாளை ஒருமுறை வாசித்தாள். ஐந்து வருடமாக அதே தாள்தான். "பணியின்போது முகமூடியை முறையாக அணியத் தவறியதால் என் நுரையீரலில் துகள்கள் சேர்ந்துள்ளன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறுவனம் அவற்றை இலவசமாக நீக்கித் தருவதற்கு நன்றி தெரிவிக்கிறேன்."

"இந்த வருசம் மாஸ்க்கை இறுக்கித்தான் மேடம் போட்டேன். இங்க பாருங்க, காதுக்குப் பின்னாடி காய்ச்சே போயிருக்கு."

கம்பெனி டாக்டர் நிர்மலா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கயோ இடைவெளி விட்டிருக்க. இல்லாட்டி இவ்வளவு எப்படிச் சேரும்? உங்க கூடத்துலயே உனக்குத்தான் ஜாஸ்தி." படத்தைக் கீழே வைத்தார். "வலது பக்கம் அடியில தழும்பு விழுந்திருக்கு, மாரீஸ்வரி. தூசியைக் கழுவலாம். தழும்பைக் கழுவ முடியாது. இன்னும் ரெண்டு வருசம் இப்படியே போனா உன்னால மாடிப்படி ஏற முடியாது."

"பேக்கிங் பக்கம் மாத்திவிடச் சொல்லுங்க மேடம்."

"எழுதிக் குடுத்தேன். மேனேஜர் தினகர் சார் முடியாதுன்னுட்டார். உன்னை மாதிரி யாருக்கும் கை வராதாம்."

அந்தப் பாராட்டில் ஒரு கணம் மனம் குளிர்ந்ததை நினைத்து, பிறகு பல நாள் மாரீஸ்வரி தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலைச் சாலையில், ஈரக்காற்று எட்டாத பொட்டல் காட்டில் இருந்தது அந்த ஆலை. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது தூசி கம்பெனி. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசி நம் சூரியனைச் சுற்றியும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. அதை ஆளில்லாக் கலங்கள் கண்ணாடிப் பஞ்சு மெத்தைகளில் பிடித்துக்கொண்டு வரும். மெத்தைகளைச் சீவி, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஊசிமுனையால் துகள்களைப் பொறுக்கி எடுப்பது இந்தப் பெண்களின் வேலை. தீப்பெட்டி ஒட்டிய குடும்பங்களின் விரல்கள் என்று தேடித்தான் வேலைக்கு எடுத்தார்கள். செத்துப்போன நட்சத்திரங்களின் சூட்டில் பிறந்த அந்தத் துகள்களை இங்கே எந்த உலையிலும் செய்ய முடியாது. அதிவேகக் கணினிகளுக்கு அவை இல்லாமல் முடியாது.

கண்ணுக்குத் தெரிந்ததை ஊசி எடுத்தது. தெரியாதது காற்றில் கலந்தது. அதற்காக வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்குளி. மயக்கம் கொடுத்து, ஒரு நுரையீரல் மூச்சுவிடும்போதே இன்னொன்றில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை விட்டு வடிப்பார்கள். பால் மாதிரி வெளியே வரும். அந்தப் பெயர் பெண்கள் வைத்ததுதான். குளித்துவிட்டு வருகிறவளுக்குக் கம்பெனி ஒரு சேலையும் ஒரு பெட்டி கடலைமிட்டாயும் கொடுக்கும். வேறு எந்த முதலாளி இப்படிப் பார்த்துக்கொள்வான் என்று ஊரே பேசும்.

மாரீஸ்வரிக்கு நெஞ்சுக்குளி கல்யாணத்தையும் கொண்டுவந்தது. கழுவும் இயந்திரத்தை இயக்குகிறவன் இன்பராஜ். முதல் வருடம் மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, "என்ன, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கீங்க?" என்று கேட்டாள். மூன்றாம் மாதம் பெண் கேட்டு வந்தார்கள். "எல்லாரும் பொண்ணு பார்க்கப் போனா முகத்தைப் பார்ப்பாங்க. நான் நுரையீரல் வரைக்கும் பார்த்துட்டுத்தான் சம்மதிச்சேன்" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவள் நுரையீரலைக் கழுவும் நாளில் மட்டும் அவன் யாரிடமும் பேச மாட்டான். தண்ணீரின் சூட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுவிட்டுப் பார்ப்பான்.

இந்த வருடமும் அப்படித்தான் பார்த்தான். கழுவி முடித்த நேரத்தில், தண்ணீரைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளும் மோட்டார் நின்றுபோனது.

தொலைபேசியில் ஒரு பெண் குரல் கேட்டது. "நூத்திப்பதினேழோட தண்ணியைக் குழாய்ல விடவேண்டாம். பாட்டில்லயே கொண்டுவந்துடுங்க. பார்த்து, சிந்தாம."

சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு என்றுதான் இன்பராஜ் நினைத்திருந்தான். உள்ளே போனால் வெள்ளை ஓடு பதித்த குளிர்ந்த அறை. நீளமான கண்ணாடித் தொட்டிகள். அவற்றின் அடியில் காந்தம். தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் கோடுகோடாக ஏதோ ஒட்டியிருந்தது. சுவரில் ஒரு பலகை, 'கழுவு விளைச்சல்' என்ற தலைப்பில். அதற்குக் கீழே எண்கள். முதலிடத்தில் 117. பக்கத்தில் யாரோ பூ வரைந்திருந்தார்கள்.

"குடுங்க, குடுங்க," என்று ஓடிவந்து பாட்டில்களை வாங்கிக்கொண்டாள் கமலவேணி. ஆய்வாளர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "இவங்க தண்ணிக்காக வருசம் பூரா காத்துக்கிட்டிருக்கோம்."

"கழிவுத் தண்ணியை வச்சு என்ன மேடம் பண்ணுவீங்க?"

"கழிவா?" அவள் சிரித்தாள். "நீங்க கழுவுற ரூம்லதானே இருக்கீங்க? யாரும் சொல்லலையா? இந்தத் தூசி இருக்கே, அது ஒரே மாதிரி இருக்கிறதே இல்லை. சாகிற நட்சத்திரம் மூச்சு விடுற மாதிரி வெளியே தள்ளும். அது ஆறும்போது, அடுப்புப்புகை கரியாப் படியுதே, அந்த மாதிரி துகளாப் படியும். அப்புறம் கோடிக்கணக்கான வருசம் அலையும். குளிர்ந்த மேகத்துக்குள்ள போனா மேல பனி படியும், ஒரு சட்டை போட்டுக்கிற மாதிரி. பக்கத்துல புது நட்சத்திரம் பிறந்தா வெயில்ல அந்தச் சட்டை கருகி, தார் மாதிரி ஆகும். எங்கயாவது ஒரு நட்சத்திரம் வெடிச்சா அதிர்ச்சியில சட்டையெல்லாம் கிழிஞ்சு, துகளே உடைஞ்சுபோகும். மறுபடியும் மேகம், மறுபடியும் சட்டை. சில துகளுக்கு நம்ம சூரியனை விட வயசு ஜாஸ்தி."

"சரி மேடம். அது எப்படி இந்தத் தண்ணியில?"

"ரொம்பப் பொடிசா இருக்கிறதுதான் விலையுயர்ந்தது. எந்த மெஷினும் அதை ஒண்ணொண்ணாப் பிரிக்க முடியாது, கட்டி கட்டியா ஒட்டிக்கும். நுரையீரல் பிரிக்கும். உள்ளே வர்ற ஒவ்வொரு துகளையும் உடம்பு தனியாப் பிடிச்சு, மேல இரும்பும் புரதமும் பூசி அடக்கப் பார்க்கும். இரும்புச் சட்டை போட்டாச்சுன்னா காந்தத்தை வச்சு நாங்க எடுத்துடுவோம். எவ்வளவு அழகான விஷயம் பாருங்க! எத்தனையோ சட்டை மாத்தின தூசி, கடைசிச் சட்டையை ஒரு மனுசியோட நெஞ்சுக்குள்ள போட்டுக்குது."

இன்பராஜ் பலகையிலிருந்த 117ஐத் திரும்பிப் பார்த்தான். "அவங்க மாஸ்க்கை ஒழுங்காப் போடாததாலதான் உள்ள போகுதுன்னு..."

"ஒழுங்காப் போட்டாத்தான் போகும்! அந்த மாஸ்க்கே ஒரு சல்லடைதானே. பெரிய தூசியை நிறுத்தும், பொடிசை மட்டும் விடும். தொளதொளன்னு போடுறவங்க தண்ணியில ஊர்ப்பட்ட மண்ணும் கிடக்கும். இந்த நூத்திப்பதினேழு ரொம்ப ஒழுக்கம். ஒரு நாள் கூடத் தளர்த்தினதில்லை போல. அவ்வளவு சுத்தமா வரும்."

"அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நம்பர்தான் வரும்."

"என் பொண்டாட்டி."

கமலவேணி கையிலிருந்த பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "நான் பேர் கேட்டதே இல்லை," என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாரீஸ்வரியை வீட்டுக்கு அழைத்துவந்ததும் இன்பராஜ் எல்லாவற்றையும் சொன்னான், பலகையில் வரைந்திருந்த பூ உட்பட. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

முடிந்ததும், "அஞ்சு வருசமா நீங்கதானே கழுவுனீங்க," என்றாள்.

"கழுவுனேன். குழாய் எங்க போகுதுன்னு கேக்கல."

"ஏன் கேக்கல?"

அவன் சொம்பில் நீட்டிய தண்ணீரை அவள் வாங்கவில்லை.

"ஒவ்வொரு வருசமும் எம்மேலதான் தப்புன்னு நெனச்சேன். பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு, மூக்குப் பக்கத்துல இடைவெளி இருக்கான்னு தடவித் தடவிப் பார்ப்பேன். இறுக்கி இறுக்கிப் போட்டேன். இறுக்க இறுக்க அவங்களுக்கு நல்லது, இல்ல?" மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "எருமை கூடப் பிடிக்கலைன்னா கறக்க விடாம உதைக்கும். நான் கறக்க விட்டுட்டு, நன்றின்னு கையெழுத்தும் போட்டுட்டு, கடலைமிட்டாய் வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தேன். உங்க அம்மாவுக்குக் கூட ரெண்டு குடுத்தனுப்புனேன்!"

"ஈஸ்வரி, எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணலையே, அதைத்தான் கேக்கேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே உங்ககிட்டப் பேச மாட்டேன். இருக்கிற மூச்சை வீணாக்க முடியாது."

சொன்னபடியே பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், அவன் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று சாப்பாட்டு வேளையில் கூடத்துப் பெண்களிடம் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பேச்சியக்கா தட்டை நகர்த்தி வைத்தார். கூடத்தில் மூத்தவர் அவர்தான். எட்டு நெஞ்சுக்குளி கண்டவர்.

"அதான் இந்த முதலாளி எனக்குச் சேலை எடுத்துக் குடுக்கானாக்கும்! எம்புருசனே எட்டு வருசத்துல எட்டுச் சேல எடுத்துக் குடுத்ததில்லயேன்னு அப்பவே எனக்குச் சந்தேகம்."

சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி ஓய்ந்தபோது யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

நான்கு பேர் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி கெட்டவரல்ல. கம்பெனி ஏற்கெனவே கொடுத்திருந்த கோப்பை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தார். ஒவ்வொருத்தியின் கையெழுத்தும் வருடவாரியாக இருந்தது. "தப்பு எங்க மேலதான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. தெரிஞ்சேதான் பண்றாங்கன்னு காட்ட அவங்க கையால எழுதின ஒரு வரி இருந்தாக்கூடப் போதும், நான் உள்ளே இறங்குவேன். வாய்ப்பேச்சை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"பலகைல எழுதியிருக்கு சார்."

"போனா பலகை இருக்குமா?"

வெளியே வந்ததும் பேச்சியக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குள் போனார். "ஆஸ்பத்திரியில நர்சுக போடுவாகளே, நல்ல மாஸ்க், அது குடு" என்று இரண்டு பெட்டி வாங்கினார். "அரசாங்கம் அப்புறம் வரட்டும். முதல்ல நம்ம மூக்கை நாம பொத்துவோம்."

மறுநாளிலிருந்து முப்பத்திரண்டு பெண்களும் கம்பெனி முகமூடிக்கு உள்ளே மருந்துக்கடை முகமூடியைப் போட்டுக்கொண்டார்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற பொருள். இத்தனை வருடம் அவர்கள் நெஞ்சைக் காப்பாற்ற அதுவே போதுமாயிருந்தது என்பதுதான் மாரீஸ்வரிக்குத் தாங்கவில்லை.

அந்த வருட நெஞ்சுக்குளி இன்னும் முடியவில்லை, புதன்கிழமைதோறும் ஆறு பேருக்கு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்து முதல் முறை கழுவப் போனவர்களின் தண்ணீர் மூன்றாம் புதனில் ஏறக்குறைய தெளிவாகவே வந்தது. புதிதாகத் தூசி போகாததால், உள்ளே இருந்ததை உடம்பே சளியோடு தள்ளிவிட, பழையவர்களுடையதும் தெளிந்துகொண்டே போனது. கூடத்தில் இருமல் குறைந்தது. ஒரு சின்னப் பெண் வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள். அங்கே அப்படி யாரும் பாடி மாரீஸ்வரி கேட்டதில்லை.

நான்காம் வாரம் உற்பத்தி மேலாளர் தினகர் கூடத்துக்கு வந்தார்.

"உள்ள போட்டிருக்கிறதைக் கழட்டுங்க. எல்லாரும்."

"ஏன் சார்?" என்றாள் மாரீஸ்வரி.

"கம்பெனி குடுத்ததை மட்டும்தான் போடணும்."

"அதையும் போட்டுத்தானே இருக்கோம்."

"எதிர்த்துப் பேசாத. நீ எல்லாம் மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருந்தவ." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதைக் கேட்டுத்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

யாரும் கழற்றவில்லை. இரண்டு நாள் கத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை, கூடத்து வாசல் பலகையில் முத்திரை குத்திய சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. மாரீஸ்வரி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"நிறுவன முகமூடிக்கு உள்ளே வேறு முகமூடி அணிவதால், பணியாளர்களிடமிருந்து கிடைக்கும் கழுவு விளைச்சல் கடந்த நான்கு வாரங்களில் எழுபது சதவீதம் குறைந்துள்ளது. எனவே அவ்வாறு அணிவது இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது. மீறுவோருக்கு இவ்வாண்டு நெஞ்சுக்குளி அளிக்கப்பட மாட்டாது. தினகர், உற்பத்தி மேலாளர்."

"இன்னொரு தடவ வாசி," என்றார் பேச்சியக்கா.

வாசித்தாள்.

"பணியாளர்களிடமிருந்து கிடைக்கும்..." என்று பேச்சியக்கா அந்த வார்த்தைகளை மட்டும் திருப்பிச் சொன்னார். "மாட்டுக்கிட்டயிருந்து கிடைக்கும்னு எழுதுவாக. தென்னைமரத்துக்கிட்டயிருந்து கிடைக்கும்னு எழுதுவாக. சரி, இப்ப நம்மகிட்டயிருந்தும் கிடைக்கும்னு எழுதிட்டாக."

மாரீஸ்வரி தாளைப் பலகையிலிருந்து கிழியாமல் எடுத்து மடித்தாள். அப்போதுதான் தினகர் உள்ளே வந்தார்.

"அதை ஏன் எடுக்கிற?"

"பத்திரமா வச்சுக்கத்தான் சார்."

"படிச்சியா? புரிஞ்சுதா? காரணத்தை விளக்கமா எழுதியிருக்கேன்." அவருக்கு அதில் மறைக்க வேண்டியது எதுவும் தெரியவில்லை. விளைச்சல் என்பது அவர் தினமும் கூட்டங்களில் புழங்குகிற சொல். "வாயால சொன்னா பொம்பளைங்க கேக்க மாட்டாங்க சார், காரணத்தோட எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க, அப்பத்தான் மதிப்பாங்கன்னு உன் புருசன்தான் வந்து சொன்னான். விவரமான பையன்."

மாரீஸ்வரி மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு மாதமாகத் தன் பக்கத்தில் இதைப் பற்றி வாய் திறக்காமல் சோறு தின்றுகொண்டிருந்த மனிதனை நினைத்தாள். கண் நிறைந்தது. அதைத் தினகருக்குக் காட்ட விருப்பமில்லை.

"ஆமா சார்," என்றாள். "விவரமானவர்தான்."

முப்பத்திரண்டு பேரும் ஊசிகளை வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள். இன்பராஜ் கழுவும் அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, வாசலில் சைக்கிள் நிறுத்தத்தில் காத்திருந்தான். அவள் அவன் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்றாள்.

"அவங்க கையால எழுதின ஒரு வரி வேணும்னு ஆபீசர் கேட்டதே பேச்சியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீதான் பேச மாட்டேன்னுட்டியே."

"கேக்க மாட்டேன்னு சொல்லலையே!"

பேச்சியக்கா பின்னாலிருந்து, "சண்டைய பஸ்ல வச்சுக்கிடுங்க. ஆபீசு மூடிருவான்," என்றார்.

அந்த அதிகாரி சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்தார். பிறகு எழுந்து நின்று, உட்காராமலே தொலைபேசியை எடுத்தார். மறுநாள் கூடத்துக்கும் குளிர்ந்த அறைக்கும் சீல் வைத்தார்கள். பலகை துடைக்கப்பட்டிருந்தது. ஆனால் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தாள் கமலவேணி. தானே வந்து கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

அடுத்த நெஞ்சுக்குளி மாரீஸ்வரிக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் நடந்தது. நெஞ்சில் மிச்சமிருப்பதை எடுத்துச் சாட்சியமாக வைக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. வந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, மயக்கம் தெளிந்ததும் அவள் கண் எதிரே அரக்கு வைத்து மூடினார்கள். வலது பக்கத் தழும்பு கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றும், தழும்புக்குள் சிக்கியவை இனி வெளியே வராது என்றும் டாக்டர் சொன்னார். எத்தனை வருடம் என்று இன்பராஜ் கேட்டான். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்து அறை வாசலில் நின்றான். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு கோப்பு.

"அம்மா, அந்தப் பாட்டிலை எங்க வச்சிருக்காங்கன்னு தெரியுமா?"

"கோர்ட்டுக்குப் போகுது," என்றான் இன்பராஜ்.

"போகட்டும் சார். குளிர்ல வைக்கணும், அதான். சூடானா இரும்புப் பூச்சு கெட்டுப்போகும். அப்புறம் உள்ளே இருக்கிறதும் வீணாயிடும். நட்சத்திரத்துல இருந்து வந்தது. சூரியனை விட மூத்தது." அவன் நிஜமாகவே பதறினான். "எப்படி இருக்கு அந்தப் பாட்டில்? கசியலையே? மூடி நல்லா இருக்கா?"

மாரீஸ்வரி தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அது சூரியனுக்கு முன்னாடியும் இருந்துச்சு. என்னை எரிச்ச பெறகும் இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு முப்பத்திரண்டு வயசு. வந்ததுலயிருந்து பாட்டிலைப் பத்தி நாலு கேள்வி கேட்டுட்டீங்க. என்னைப் பத்தி ஒண்ணு கேளுங்க. அப்புறம் பேசுவோம்."

அவன் கோப்பைக் கைமாற்றிப் பிடித்தான். என்ன கேட்பது என்று உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்றான் கடைசியில்.

சொல்வதற்கு அவள் வாய் திறந்தாள். இருமல் வந்தது. அது நிற்கவில்லை. அவன் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான். நேரமாக ஆக, கண்ணைத் தரையில் தாழ்த்தினான்.

இன்பராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.